தங்கமீன் சோர்ந்து போனால் எங்கிருந்து தேடுவது

சென்னை கொளத்தூரில் இருந்து நான்கு தங்கமீன்களை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. முதல் மாதத்துக்குள் மூன்று இறந்துவிட்டன. ஒவ்வொன்று சோர்ந்தபோதும் கடையில் கொடுத்த மருந்தை ஊற்றினேன். முதலில் நீல மருந்து, அப்புறம் மஞ்சள் மருந்து, அப்புறம் இரண்டும். அந்த மூன்றுக்கும் நோயே வந்திருக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. மீன் கழிவிலிருந்து புதுத் தொட்டியில் சேர்ந்த அம்மோனியாதான் அவற்றைக் கொன்றது. நீல மருந்தான மெத்திலீன் புளூ, அந்த அம்மோனியாவைத் தின்று தீர்க்க வேண்டிய நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து ஒடுக்கிவிட்டது. மிஞ்சிய ஒன்று, ஷுபன்கின் என்ற வகைத் தங்கமீன், இன்றும் என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போது கண்ணாடி ஓரத்தில் நின்று தீனி கேட்கிறது.

அதனால் கீழே எந்த அறிகுறியைப் பற்றிப் பேசினாலும், முதலில் தண்ணீரைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மருந்து அதற்கு அடுத்தது.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

தீனியை நிறுத்துங்கள். நன்றாக வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். பிறகு சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட்டால் அம்மோனியா, அதிலிருந்து பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நைட்ரைட், நைட்ரேட், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். ஆகிய நான்கையும் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராம், தாண்டக் கூடாது. தண்ணீரின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிட் இல்லையென்றால் கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள், எவ்வளவு மாற்றினீர்கள், தொட்டி வைத்து எத்தனை நாள், புது மீன் எப்போது வந்தது என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன

ஒரு மீன் மட்டும் இப்படிச் செய்தால் அதன் செவுளில் கோளாறு. எல்லாமே செய்தால் கோளாறு தண்ணீரில். முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள்.

விடியற்காலையில் மட்டும் மேலே வருகின்றன, வெயில் ஏறியதும் சரியாகிவிடுகின்றன என்றால் ஆக்சிஜன் குறைவு. தொட்டியில் செடியும் பாசியும் நிறைய இருந்தால் அவை இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், கொடுக்காது. கோடையில் இது இன்னும் மோசமாகும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5 தான். தங்கமீன் சீனாவின் குளங்களில் உருவான குளிர்நீர் மீன். அதற்கு 18 முதல் 24 டிகிரி வரை சுகம். மே மாதத்தில் சென்னை வீட்டுத் தொட்டியில் 31, 32 டிகிரி வந்துவிடுகிறது. மூடியைத் திறந்து வைத்து, தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பினால் 2, 3 டிகிரி இறங்கும். ஐஸ்கட்டியை அள்ளிப் போடாதீர்கள். திடீரென்று குளிர்ந்தால் மீன் இன்னும் வாடும்.

காலை, மாலை என்றில்லாமல் நாள் முழுவதும் மேலேயே நிற்கின்றன, செவுள் சிவந்து தெரிகிறது என்றால் அம்மோனியா. செவுள் பழுப்பாக, காப்பி நிறத்தில் தெரிந்தால் நைட்ரைட். அது இரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும், அதனால் ஏர் பம்ப் ஓடினாலும் மீன் மூச்சுக்குத் திணறும். இரண்டுக்கும் அவசர மருந்து ஒன்றே: குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றுவது. மறுநாள் மீண்டும் சோதித்து, தேவைப்பட்டால் மீண்டும் மாற்றுவது. நைட்ரைட் என்றால் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும்.

புதுத் தொட்டி என்றால் இது நான்கிலிருந்து ஆறு வாரம் வரை நீடிக்கும். ஃபில்டரில் பாக்டீரியா குடியேற அவ்வளவு நாள் பிடிக்கும். ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் வாங்கி வந்து உங்கள் ஃபில்டரில் வைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். எத்தனை புட்டி மருந்தை விடவும் அந்த அழுக்கு ஸ்பாஞ்ச் பெரிய உதவி.

கொசு மருந்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. பிளக்கில் செருகும் திரவமும் சுருளும் அடிக்கும் ஸ்ப்ரேயும் மனிதருக்குப் பெரிய தொந்தரவு தராத அளவிலேயே மீனுக்குக் கடும் நஞ்சு. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மழைக்காலத்தில் காரணமே தெரியாமல் மீன்கள் மேலே வந்து தத்தளித்தால், அந்த அறையில் என்ன வைத்தீர்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். புதுப் பெயின்ட் அடித்த அறைக்கும் இதே எச்சரிக்கை.

தண்ணீர் மாற்றிய அன்றோ மறுநாளோ இறக்கின்றன

மீன் வளர்க்கும் வீடுகளில் நான் அதிகம் கேட்ட புகார் இதுதான். "ஞாயிற்றுக்கிழமை தொட்டியை நன்றாகக் கழுவினோம், திங்கட்கிழமை செத்துவிட்டது." அன்போடு செய்த வேலையே உயிரை வாங்கிவிட்டது என்றால் அந்த வருத்தம் லேசில் போகாது. காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

குளோரின். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் செவுள் வெந்துவிடும். ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்தால், அதில் ஏர் ஸ்டோனும் போட்டால், குளோரின் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டு மருந்து சில நிமிடங்களில் அதே வேலையைச் செய்யும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரியுங்கள்: கீழ்த் தொட்டியைச் சுத்தம் செய்த அன்று பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். அந்த வாரம் வழக்கத்தைவிடக் குளோரின் அதிகமாக இருக்கும். லாரித் தண்ணீருக்கும் இதே சந்தேகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு. மொட்டைமாடித் தொட்டியில் இருந்து மதியம் வரும் தண்ணீர் கையைச் சுடுகிறது. அதைத் தொட்டியில் ஊற்றினால் மீன் எப்படித் தாங்கும்? இரவே பிடித்து வைத்து, விடிந்த பிறகு மாற்றுவதே நல்லது. கையை இரண்டிலும் விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியக் கூடாது.

கழுவிய விதம். கூழாங்கற்களைச் சோப்புத் தூளில் அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து எடுத்தால் தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அத்தனையும் அந்தக் கல்லிலும் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருந்தன. அவை காய்ந்து செத்த பிறகு தொட்டி முதல் நாள் நிலைக்குப் போய்விடுகிறது. ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை முக்கிப் பிழிந்தால் போதும். சோப்பு வேண்டவே வேண்டாம். வாளியும் மீனுக்கென்று தனி வாளியாக இருக்கட்டும்.

ஆர்.ஓ. தண்ணீர். நாம் குடிக்கும் சுத்தமான தண்ணீர் மீனுக்கும் நல்லது என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் தாது உப்புகள் ஏறக்குறைய இல்லை, அதனால் பி.எச். நிலையாக நிற்காமல் சரியும். தங்கமீனுக்குக் கடினத் தண்ணீர் ஒத்துப்போகும். நம் போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே என்று கவலைப்பட வேண்டாம், உப்புக் கரிக்காத வரை அது அதற்கு நல்லதுதான்.

கடைசியாக, வெகுநாள் கவனிக்காத தொட்டி. நான்கைந்து மாதம் மாற்றாமல் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டே வந்திருப்பீர்கள். மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒரு நாள் மனம் வந்து முழுவதையும் மாற்றினீர்கள், எல்லாம் போய்விட்டன. இது ஏன் நடக்கிறது என்றால், பழைய தண்ணீரில் பி.எச். மெல்ல மெல்ல இறங்கியிருக்கும். பி.எச். 7 ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் அம்மோனியாவின் பெரும்பகுதி நஞ்சில்லாத வடிவத்தில் இருக்கும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் நச்சுப் பங்கு நூற்றுக்கு ஒன்று கூட வராது. பி.எச். 8 என்றால் அதுவே நூற்றுக்கு 5 ஆகிவிடும். புதுத் தண்ணீர் பி.எச். ஐத் தூக்கியதும், கீழே ஊறிக்கிடந்த அம்மோனியா ஒரே நேரத்தில் நஞ்சாக மாறுகிறது. இப்படிப்பட்ட தொட்டியை மீட்க வேண்டுமென்றால் தினமும் பத்தில் ஒரு பங்கு மட்டும், பத்துப் பன்னிரண்டு நாள் மாற்றுங்கள். அதன் பிறகு வாரம் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை.

தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மிதக்கிறது

ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர், பேர்ல் ஸ்கேல் போன்ற உருண்டை உடல் மீன்களில்தான் இது அதிகம். அந்த உடலைக் குறுக்கி உருட்டியபோது உள்ளே குடலும் காற்றுப்பையும் நெருக்கமாக அடைந்துவிட்டன. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. காய்ந்த தீனி உள்ளே போய் ஊதினாலோ, மிதக்கும் தீனியைக் கவ்வும்போது காற்றையும் விழுங்கினாலோ சமநிலை தவறிவிடும்.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் மட்டும் மிதந்து, பிறகு தானாக இறங்கினால் தீனியை மாற்றினால் போதும். மிதக்கும் தீனிக்குப் பதிலாக மூழ்கும் தீனி, அதையும் ஒரு நிமிடம் ஊறவைத்து, ஒரே நேரத்தில் கொட்டாமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக.

நாள் முழுக்க மிதந்தால் இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். மனம் கேட்காது, ஆனாலும் போடுங்கள். பிறகு பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, உள்ளே இருப்பதை நசுக்கி, ஒரு நாளைக்கு ஒரு பட்டாணி என்று இரண்டு நாள் கொடுங்கள். மலச்சிக்கல்தான் காரணம் என்றால் இதில் தெளியும். பட்டாணியே அன்றாட உணவு ஆகக் கூடாது.

இதற்கும் மசியவில்லை, வயிற்றிலும் வீக்கம் இல்லை என்றால் காற்றுப்பையே பழுதாகியிருக்கலாம், அது திரும்பாது. ஆனால் அப்படியொரு மீன் வாழவே முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் உயரத்தைக் குறைத்து, வெளியே தெரியும் முதுகுப் பகுதி காய்ந்து புண்ணாகாமல் பார்த்துக்கொண்டு, கையால் தீனி கொடுத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு.

அடியில் படுத்துக் கிடக்கிறது

இரவில் விளக்கை அணைத்த பிறகு என்றால் அது தூக்கம். இமை இல்லாததால் கண் திறந்தே இருக்கும், நிறமும் கொஞ்சம் மங்கும். விளக்கைப் போட்டு ஐந்து நிமிடத்தில் நீந்தத் தொடங்கினால் கவலையில்லை. பகலிலும் துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு கிடந்தால், மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனைக்குத் திரும்புங்கள்.

வெள்ளைப் புள்ளிகள்

உப்புத்தூளைத் தூவிய மாதிரி வால், துடுப்பு, உடல் என்று எங்கும் சிதறியிருந்தால் அது வெண்புள்ளி நோய், கடையில் இக் என்பார்கள். ஒட்டுண்ணி ஒன்று தோலுக்கு அடியில் புகுந்து கொழுக்கிறது. அந்தப் புள்ளிக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. அது முற்றிக் கீழே விழுந்து, வெடித்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக நீந்திப் புது இடம் தேடும்போதுதான் கொல்ல முடியும். புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துகிறவர்கள் அதனால்தான் தோற்றுப்போகிறார்கள். மறைந்தது என்றால் குஞ்சுகள் கிளம்பிவிட்டன என்று பொருள்.

தங்கமீனுக்கு உப்பு நன்றாகத் தாங்கும், எனவே நான் முதலில் உப்பைத்தான் எடுப்பேன். அளவு லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கல்லையும் மேல் இடைவெளியையும் கழித்தால் 50 லிட்டர் வரும். அதற்கு 150 கிராம். ஒரே நாளில் போடாமல், ஒரு நாளைக்கு 50 கிராம் என்று மூன்று நாள், தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். செடிகளை முன்பே எடுத்துவிடுங்கள், அவை இந்த உப்பில் பிழைக்காது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போகாது, எனவே குறைந்ததை வெறும் தண்ணீரால் நிரப்புங்கள். வாளியில் எடுத்து மாற்றிய தண்ணீருக்கு மட்டும் அதற்கேற்ற உப்பைச் சேருங்கள். இரண்டு வாரம் விடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு மீனுக்கு மட்டும் புள்ளி இருந்தாலும் தொட்டி முழுவதற்கும் செய்ய வேண்டும்.

அதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். புள்ளிகள் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக இருக்கின்றனவா? மீன் சுறுசுறுப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் அது நோயல்ல. வயதுக்கு வந்த ஆண் மீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வரும் சொரசொரப்பான புள்ளிகள். கடைக்கு ஓடாதீர்கள்.

புள்ளி இல்லை, ஆனால் கல்லில் உரசுகிறது

உரசி உரசித் துள்ளினால், தண்ணீர் சரியாக இருந்தால், தோல் அல்லது செவுள் புழுக்கள். கண்ணுக்குத் தெரியாது. பிராசிகுவான்டல் என்ற புழு மருந்து இவற்றுக்கு வேலை செய்யும். அளவை மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

உடலில் இருந்து சின்ன நூல் துண்டு நீட்டிக்கொண்டு, அடியில் சிவந்திருந்தால் அது நங்கூரப் புழு. ஈரத்துணியில் மீனைப் பிடித்து, தோலை ஒட்டிய இடத்தில் சாமணத்தால் பற்றி, மெதுவாக இழுத்து எடுங்கள். தலை உள்ளேயே அறுந்துவிடக் கூடாது. காயத்தில் பஞ்சால் கொஞ்சம் பொவிடோன் அயோடின் தொட்டு வையுங்கள், செவுளிலும் கண்ணிலும் படாமல். குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும் என்பதால் மூன்று நான்கு வாரம் தினமும் தேடிப் பாருங்கள். இதெல்லாம் பெரும்பாலும் புது மீனோடு வருகிறது. புதிதாக வாங்குவதை மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது எவ்வளவு வேதனையைத் தவிர்க்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

துடுப்பில் சிவப்புக் கோடுகள், கிழிசல், கருப்புத் திட்டு

துடுப்பில் இரத்த நாளம் போலச் சிவந்து தெரிந்தால் அம்மோனியா எரிச்சலோ, தொடங்கும் பாக்டீரியாத் தொற்றோ. ஓரம் வெள்ளையாகி அரித்துக்கொண்டே வந்தால் துடுப்பு அழுகல். ஆரம்பத்தில் இரண்டுக்கும் தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. அரிப்பு துடுப்பின் அடிவேர் வரை வந்துவிட்டால் மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாடிக் வேண்டும்.

உடலில் திடீரென்று கருப்புத் திட்டு வந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். அம்மோனியாவால் வெந்த இடம் ஆறும்போது கருக்கும். எனவே அது ஆபத்து கடந்துபோனதின் அடையாளமாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்த்து எண்கள் சரியாக இருந்தால் சில வாரங்களில் தானாக மறையும். நேர்மாறாக, பிளாக் மூர் கருப்பு வெளுத்துப் பொன்னிறமாவது அதன் இயல்பிலேயே உண்டு.

தண்ணீர் பால் போல, அல்லது பச்சையாக

பால் போலக் கலங்கினால் பாக்டீரியாப் பெருக்கம். புதுத் தொட்டியிலும் தீனி அதிகம் கொட்டிய தொட்டியிலும் வரும். தீனியைக் குறைத்துச் சில நாள் காத்திருங்கள். பச்சை என்றால் பாசி, வெயில் அதிகம் படுகிறது. இரவிலும் ஏர் பம்ப் ஓடினால் மீனுக்குக் கெடுதல் இல்லை, நமக்குத்தான் பார்க்க முடியாது.

செதில்கள் சிலிர்த்து நிற்கின்றன

மேலிருந்து பார்த்தால் உடல் உப்பி, செதில் ஒவ்வொன்றும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். சிறுநீரகம் வேலை செய்யாமல் உடலுக்குள் நீர் தேங்குகிறது. இந்த நிலைக்கு வந்த மீன் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. தனித் தொட்டியில், சுத்தமான தண்ணீரில், வெளிச்சம் குறைத்து வையுங்கள், மருத்துவர் கிடைத்தால் காட்டுங்கள். மற்ற மீன்களுக்காகப் பழைய தொட்டியின் தண்ணீரை அன்றே சோதியுங்கள், ஏனென்றால் அந்தச் சிறுநீரகத்தை நலியவைத்தது பல நேரம் மாதக்கணக்கில் கெட்டிருந்த தண்ணீர்தான்.

ஒன்றை இரண்டு மூன்று துரத்துகின்றன

விடியற்காலையில் ஒரு மீனின் வயிற்றை மற்றவை மூக்கால் முட்டி மூலைக்கு மூலை விரட்டினால், துரத்துகிறவற்றின் செவுள் மூடியைப் பாருங்கள். நான் மேலே சொன்ன வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அவை ஆண்கள், நடுவில் ஓடுவது முட்டை நிறைந்த பெண். குளிர்ந்த வாரங்கள் முடிந்து தண்ணீர் மெல்லச் சூடாகும்போது, சில நேரம் புதுத் தண்ணீர் மாற்றிய மறுநாளே, இது தொடங்கும். பெண் மீன் களைத்து மூச்சு வாங்கினால் ஒரு தடுப்பு வைத்து அரை நாள் ஓய்வு கொடுங்கள்.

செடியிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் சிறு கண்ணாடி மணிகள்தான் முட்டை. பெற்றவையே அவற்றைத் தின்றுவிடும், எனவே வேண்டுமென்றால் செடியோடு வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே பூஞ்சை பிடிக்காமல் இருக்க மெத்திலீன் புளூ சில சொட்டு விடலாம். நான் முதல் மாதத்தில் தவறான இடத்தில் ஊற்றிய அதே நீல மருந்துக்கு இங்கே சரியான வேலை இருக்கிறது. மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். குஞ்சுகள் பழுப்பாக, எந்தக் குளத்துக் கெண்டைக் குஞ்சையும் போலத்தான் இருக்கும். பொன்னிறம் ஏற இரண்டு மூன்று மாதம், சிலவற்றுக்கு ஒரு வருடம் கூட ஆகும், அதுவரை நிறம் வரவில்லையே என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.